கை தூக்கச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

மலேசியத் தமிழர்களாகிய நம்மவர்களிடம் ஒற்றுமை இல்லை என்று உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் அடிக்கடி யாராவது ஒருவர் எழுதிவிடுகிறார். கோயில் நிர்வாகம் இரண்டாக உடைந்தது, குடியிருப்பாளர் சங்கக் கூட்டத்தில் நாற்காலி பறந்தது, பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் பாதிப் பேர் எழுந்து போனார்கள், ஆகவே ஒற்றுமை இல்லை. எனக்கு இந்தப் புலம்பல் அலுத்துவிட்டது. மலாய்க்காரர் சங்கங்களிலும் சீனர் சங்கங்களிலும் இதே சண்டை உண்டு, நம் காதுக்கு வருவதில்லை, அவ்வளவுதான். கருத்து வேறுபாடு இருப்பதில் ஒரு குற்றமும் இல்லை. வேறுபட்டு உட்கார்ந்திருப்பவர்களை ஒரு முடிவுக்குக் கொண்டுவரும் வழிதான் நம் சங்கங்களுக்குத் தெரியவில்லை.

நமக்குத் தெரிந்த ஒரே வழி, கையைத் தூக்கச் சொல்வது. அறுபது பேர் ஆதரவு, நாற்பது பேர் எதிர்ப்பு, தீர்மானம் நிறைவேறியது, பின்னால் மீஹூன் இருக்கிறது, சாப்பிட்டுவிட்டுப் போங்கள். அந்த நாற்பது பேர் மீஹூன் சாப்பிடாமல் வீட்டுக்குப் போய் வாட்ஸ்அப்பில் தனிக் குழு தொடங்குகிறார்கள். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அவர்கள் ஆள் திரட்டிக்கொண்டு வந்து போன ஆண்டுத் தீர்மானத்தைக் கவிழ்க்கிறார்கள். கடைசியில் சங்கப் பதிவிலாகாவுக்கு இரண்டு தரப்பிலிருந்தும் புகார் போகிறது. வேலை மட்டும் நடப்பதில்லை.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன். நான் இருப்பது செந்தூலில் ஒரு மலிவு விலை அடுக்குமாடி. எங்கள் புளோக்கில் இரண்டு லிப்டுகள். ஒன்று நெடுநாளாகப் படுத்துவிட்டது, இன்னொன்று மனசு வைத்தால் ஓடும். மேல்மாடியில் டயாலிசிஸுக்குப் போகிற ஒரு பெரியவரை மகன்கள் நாற்காலியோடு தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்திருக்கிறோம். நிர்வாகக் குழு, லிப்டைச் சரிசெய்ய வீட்டுக்கு இவ்வளவு என்று தனிக் கட்டணம் போட்டது. கீழ்மாடிக்காரர்கள் உடனே எழுந்துவிட்டார்கள்: நாங்கள் லிப்டில் காலே வைப்பதில்லை, நாங்கள் ஏன் கட்ட வேண்டும்? குழுத் தலைவர் சட்டத்தைக் காட்டினார். அவர் சொன்னது தவறில்லை, அடுக்குமாடிகளுக்கான ஸ்ட்ராத்தா சட்டப்படி கட்டணம் அவரவர் வீட்டுக்கு ஒதுக்கிய பங்கு அலகைப் பொறுத்தது, எந்த மாடியில் இருக்கிறீர்கள், லிப்டில் ஏறுகிறீர்களா என்பதைப் பொறுத்ததல்ல. ஓட்டு விட்டார்கள். மேல்மாடிக்காரர்கள்தானே எண்ணிக்கையில் அதிகம், தீர்மானம் சுலபமாக ஜெயித்தது. ஆனால் பணம் வரவில்லை. கீழே யாரும் கட்டவில்லை, அவர்கள் கட்டாததைப் பார்த்து மேலேயும் பலர் நிறுத்திவிட்டார்கள். ஜெயித்த தீர்மானம் அறிவிப்புப் பலகையில் வெயிலில் வெளுத்துக்கொண்டிருந்தது.

அப்புறம் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஓர் அம்மா, முன்பு தாதியாக வேலை செய்தவர், ஒரு மாலை நேரத்தில் கீழ்மாடியில் கதவு கதவாகப் போனார். நானும் கூடப் போனேன். பணத்தைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை. "இங்கே இருக்கிறதில் உங்களுக்கு என்ன தொல்லை?" என்று மட்டும் கேட்டார். ஒரு மலாய் மக்சிக் (மூத்த பெண்மணி) எங்களைக் கையைப் பிடித்து இழுத்துப்போய்த் தன் சமையலறைக்குப் பின்னால் இருந்த தகரக் கூரையைக் காட்டினார். அதன்மேல் முட்டை ஓடு, பயன்படுத்திய பாம்பர்ஸ், சிகரெட் துண்டுகள், ஒற்றைச் செருப்பு, ஊசிப்போன சோற்றோடு ஒரு பிளாஸ்டிக் பை. எல்லாம் மேலேயிருந்து வந்தவை. அதெல்லாம் சரிந்து பின்பக்க வாய்க்காலை அடைத்து, மழை பெய்தால் அழுக்குத் தண்ணீர் வீட்டுக்குள் வருகிறது. பல வருடமாகச் சொல்லி ஓய்ந்துவிட்டார்களாம். "லிப்டுக்குப் பணம் கேட்க எல்லாரும் வந்தார்கள், இதைப் பார்க்க இன்றைக்குத்தான் வந்திருக்கிறீர்கள்" என்றார். அடுத்த வீட்டுச் சீனப் பெரியவரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் காட்டமாக.

விஷயம் இவ்வளவுதான். அவர்கள் வாயால் சொன்னது பணம் கட்ட மாட்டோம் என்பது. அவர்களுக்கு வேண்டியிருந்தது பின்பக்கம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது. கூட்டத்தில் நாம் சண்டை போட்டது வாயால் சொன்னதோடு மட்டும்.

மறுபடி கூட்டம் போட்டபோது தலைவர் நடத்தவில்லை, பக்கத்து அடுக்குமாடியிலிருந்து ஒருவரை அழைத்து வந்து நடத்தச் சொன்னார்கள். அவருக்கு எங்கள் சண்டையில் பங்கு இல்லை, அதனால் யாரும் அவர்மேல் பாயவில்லை. பேசிப் பேசி வந்த முடிவு: முதலில் வாய்க்காலைத் தோண்டிச் சுத்தம் செய்து கீழ்மாடிக் கூரைகளுக்கு மேல் வலை கட்டுவது, குப்பை வீசுகிறவர்களைக் கண்டுபிடிக்க ஒரு கேமரா, அது முடிந்ததும் லிப்டுப் பணத்தைத் தவணையில் எல்லாரும் கட்டுவது. இரண்டாம் மாடியில் ஓர் அண்ணன் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை, அவருக்கு அந்த லிப்ட் கம்பெனியின் விலைமேல் சந்தேகம். "எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் குறுக்கே நிற்க மாட்டேன், நான் இப்படிச் சொன்னேன் என்று எழுதி வையுங்கள்" என்றார். குறிப்பேட்டில் எழுதி, அங்கேயே உரக்க வாசித்துக் காட்டினார்கள். அவரும் கட்டினார். லிப்ட் ஓடுகிறது. எப்போதாவது நிற்கும், லிப்ட் என்றால் அப்படித்தான்.

அந்த அண்ணன் சொன்ன மாதிரி ஒரு பதிலுக்கு நம் சங்கக் கூட்டங்களில் இடமே இல்லை. ஆதரவு அல்லது எதிர்ப்பு, இரண்டே பெட்டி. இணக்கமாக முடிவெடுப்பதைப் பழக்கமாக வைத்திருக்கிறவர்கள் இதை நன்றாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: முழு மனதோடு சம்மதம், குறை உண்டு ஆனாலும் சம்மதம், நான் ஒதுங்கிக்கொள்கிறேன் நீங்கள் செய்யுங்கள், இது கூடவே கூடாது. கடைசியாகச் சொன்னதை ஒருவர் சொன்னால் காரணத்தையும் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் அவருடைய சொந்த வசதியாக இருக்கக் கூடாது, எல்லாருக்கும் வரக்கூடிய கேடாக இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 17ஆம் நூற்றாண்டில் தொடங்கிய குவேக்கர் என்ற கிறிஸ்துவப் பிரிவினர் இன்றுவரை தங்கள் கூட்டங்களில் ஓட்டு விடுவதில்லை. கூட்டத்தின் மனம் எங்கே போய் நிற்கிறது என்று குறிப்பெழுதுகிறவர் அங்கேயே எழுதி வாசிப்பார், இல்லை நாங்கள் சொன்னது அதுவல்ல என்றால் அங்கேயே திருத்துவார்கள். நம் சங்கங்களில் கூட்டக் குறிப்பு அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு முதல் வாரம்தான் எழுதப்படுகிறது, அதுவும் செயலாளர் ஞாபகத்தில் இருந்து. அவர் ஞாபகம் யார் பக்கம் சாயும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி இணக்கமாக முடிவெடுப்பதற்கு ஒரு போலியும் உண்டு, அது ஓட்டெடுப்பைவிட மோசம். இரவு பதினொரு மணி ஆகப்போகிறது, குழந்தைகள் நாற்காலியில் தூங்கிவிட்டன, தலைவர் மைக்கைப் பிடித்து "எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்கிறார், யாரும் பேசவில்லை, "சரி, ஏகமனதாக நிறைவேறியது" என்று முடித்துவிடுகிறார். அது களைப்பு, சம்மதம் இல்லை.

அந்தக் கூட்டத்தில் யார் இருந்தார்கள், யார் இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். நம்மில் பலர் வாழ்வது அடுக்குமாடியில், அங்கே நமக்கு விதி வகுப்பது 2013ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டம், எண் 757. அதன்படி பொதுக்கூட்டத்துக்கு ஓட்டுரிமை உள்ள உரிமையாளர்களில் பாதிப் பேர் வர வேண்டும். ஆனால் குறித்த நேரத்துக்குப் பிறகு அரை மணி நேரம் காத்திருந்தும் அந்தப் பாதி சேரவில்லை என்றால், வந்திருக்கிறவர்களே போதும். நூற்றுக்கணக்கான வீடுகள் உள்ள இடத்தில் இருபது முப்பது பேர் முடிவெடுப்பது இப்படித்தான் சட்டப்படியாகவே நடக்கிறது. கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பு பராமரிப்புக் கட்டணம் பாக்கி வைத்திருந்தால் ஓட்டுப் போட முடியாது. வாடகைக்கு இருப்பவருக்கு ஓட்டு இல்லவே இல்லை. பாக்கி வைக்கிறவர்களைப் பற்றி எனக்கும் கோபம் உண்டு, ஆனால் வேலை போய்க் கட்ட முடியாதவரும், லிப்ட் ஓடவில்லை என்ற கோபத்தில் கட்டாதவரும், வாடகை வீட்டில் கைக்குழந்தையோடு படியேறுகிறவரும் பேசவே முடியாத கூட்டத்தில் லிப்டைப் பற்றி என்ன தெரிந்துகொள்ளப் போகிறோம்? ஓட்டு இல்லை என்று சட்டம் சொல்கிறது, சரி. அவர்களைக் கூப்பிட்டுக் கேட்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. ஆண்டுக் கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னால் கீழே கார் நிறுத்துமிடத்தில் பாய் விரித்து ஒரு கலந்துரையாடல் வைத்தால் யார் தடுக்கப் போகிறார்கள்? மலாய் மட்டும் பேசும் கூட்டத்தில் நம் பாட்டிகள் தலையாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதும், தமிழ் மட்டும் பேசும் கூட்டத்துக்குப் பக்கத்து வீட்டுச் சீனக் குடும்பம் வராமலே போவதும் இதே கணக்குதான்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், வாய்க்காலோடு இது முடிவதில்லை. நிலம் என்று வரும்போதுதான் உண்மையான சோதனை.

கோலாலம்பூரின் புக்கிட் கியாராவை எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் தோட்டத்தில் வேலை செய்த நம் குடும்பங்களை எண்பதுகளில் தற்காலிகம் என்று சொல்லி நீண்ட வீடுகளில் குடியேற்றினார்கள். அந்தத் தற்காலிகம் நாற்பது வருடம் ஓடிற்று. பக்கத்தில் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்பாளர்களுக்கு ரிம்பா கியாரா பூங்கா உயிர். 2017 ஜூலையில் மாநகர் மன்றம் கொடுத்த மேம்பாட்டு அனுமதி, நீண்ட வீட்டுக் குடும்பங்களுக்கான வீடுகளையும் வானளாவிய அடுக்ககங்களையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டது: உங்களுக்கு வீடு வேண்டுமா, அப்படியானால் பூங்காவின் ஒரு பகுதியில் இதுவும் வரும். பூங்காவைக் காக்கக் குடியிருப்பாளர்கள் போட்ட வழக்கு உயர்நீதிமன்றத்தில் தோற்று, 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் ஜெயித்து, 2023 ஏப்ரல் 18இல் கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்று உறுதிசெய்தது. தீர்ப்பு நல்ல தீர்ப்பு, நகரத் திட்டத்தை மாநகர் மன்றம் இஷ்டத்துக்குத் தள்ளிவைக்க முடியாது என்று அழுத்தமாகச் சொன்ன தீர்ப்பு. ஆனால் ஆறு வருடம் பாருங்கள். ஒரு தரப்புக்கு வீடு வேண்டும், இன்னொரு தரப்புக்குப் பூங்கா வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரானவையே அல்ல. நீண்ட வீட்டுக்காரர்களுக்கு அங்கேயே வீடு கட்டிக் கொடுங்கள், எங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று பூங்காவுக்காகப் போராடியவர்களே பகிரங்கமாகச் சொல்லி வந்தார்கள். அனுமதி கொடுப்பதற்கு முன்னால் இரு தரப்பையும் ஒரு மேசையில் உட்கார வைத்து, உங்களுக்கு என்ன வேண்டும் என்று யாராவது கேட்டிருந்தால் பொட்டலம் தானாகப் பிரிந்திருக்கும். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பினாங்கில் நம்மவர்கள் வாழ்ந்த கம்போங் புவா பாலா கிராமத்தின் கதை 2009இல் எப்படி முடிந்தது என்று உங்கள் வாசகர்களுக்கு நினைவிருக்கும். சிலர் மாற்று வீட்டை ஏற்றுக்கொண்டார்கள், சிலர் கடைசிவரை நின்றார்கள், அந்தப் பிளவு வீடுகள் இடிபட்ட பிறகும் பேச்சில் நின்றது. யார் செய்தது சரி என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஒரு சலுகை கதவைத் தட்டும்போது, எதற்குச் சம்மதிப்போம், எதற்கு மாட்டோம் என்று முன்கூட்டியே பேசி வைக்காத ஊர் வீடு வீடாகப் பிரிந்துதான் பதில் சொல்லும். மேம்பாட்டாளருக்கு அதுதான் வசதி.

இப்போது பழைய அடுக்குமாடிகளுக்கும் இந்தக் கேள்வி வந்துவிட்டது. இன்றுள்ள ஸ்ட்ராத்தா உரிமைச் சட்டப்படி ஒரு கட்டடத்தை முழுதாகக் கலைத்து மறுபடி கட்ட உரிமையாளர்கள் அனைவரின் சம்மதமும் வேண்டும், நூற்றுக்கு நூறு. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட நகர்ப்புறப் புதுப்பிப்பு மசோதா அதை முப்பது வயதுக்குக் குறைந்த கட்டடத்துக்கு 80 விழுக்காடு, அதற்கு மேற்பட்டதற்கு 75, கைவிடப்பட்ட கட்டடத்துக்கு 51 என்று இறக்கப் பார்த்தது. எத்தனை விழுக்காடு சரி என்று எல்லாக் கட்சிக்காரர்களும் மோதினார்கள். மசோதா எப்படியும் போகட்டும். நூறு என்றால் ஒரே ஒருவர் எல்லாரையும் பிணை பிடிக்கலாம், அது உண்மை. 75 என்றால் மீதி 25 பேரிடம் ஏன் மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்கும் அவசியமே போய்விடுகிறது, அதுவும் உண்மை. அந்த 25 பேரில் பெரும்பாலும் இருப்பது வயதானவர்கள்: கட்டி முடிக்கும்வரை எங்கே இருப்பது, புதுக் கட்டடத்தில் மாதக் கட்டணம் எவ்வளவு, கடன் இல்லாத வீட்டுக்கு மறுபடி கடன் வாங்கச் சொல்வார்களா. இவற்றுக்கு விழுக்காடு பதில் சொல்லாது, ஒப்பந்தத்தில் எழுதப்படும் வரிகள்தான் சொல்லும். அந்த வரிகளைக் கேட்டு வாங்குவதற்கு முதலில் நாம் நமக்குள் பேசியிருக்க வேண்டும்.

நகராண்மைத் தேர்தல் இருந்திருந்தால் இதெல்லாம் சுலபம் என்று சிலர் சொல்வார்கள். ஜோர்ஜ்டவுன் மக்கள் 1951லேயே நகராண்மைக்கு ஓட்டுப் போட்டார்கள், 1965இல் அந்தத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன, 1976 உள்ளாட்சிச் சட்டத்தோடு முற்றாகப் போயின. திரும்ப வந்தால் நான் முதல் ஆளாக வரிசையில் நிற்பேன். வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரே நகரம் 1989இல் தன் வரவுசெலவின் ஒரு பகுதியை எதில் செலவழிப்பது என்று குடியிருப்பாளர்களையே கேட்க ஆரம்பித்தது. அதே யோசனையைப் பினாங்கு 2012 வாக்கில் ஜாலான் சுங்கை, அம்பாங்கான் மக்கள் வீடமைப்புகளில் முயன்று பார்த்தது. ஆண்கள், பெண்கள், இளையோர், முதியோர் என்று தனித்தனியாகக் கேட்டு, அப்புறம் எது முதலில் என்று எல்லாரும் சேர்ந்து தேர்ந்தெடுத்தார்கள். தனித்தனியாகக் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. கணவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் நம் பெண்களில் பாதிப் பேர் "அவர் சொல்றதுதான்" என்று முடித்துவிடுவார்கள்.

எல்லாவற்றுக்கும் இப்படி உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க முடியாது என்பதும் தெரியும். தீயணைப்புக் குழாயில் தண்ணீர் வரவில்லை என்றால் கலந்துரையாடல் வேண்டாம், அன்றே சரிசெய்யுங்கள். பணத்தில் கைவைத்தவரோடு இணக்கம் பேசவே கூடாது, கணக்கைக் கேளுங்கள், காட்டாவிட்டால் வெளியே அனுப்புங்கள். மேடையில் உத்திரமேரூர்க் கல்வெட்டைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிற நம் தலைவர்கள், கணக்குக் காட்டாதவரும் அவர் உறவினரும் அடுத்த முறை நிற்கவே முடியாது என்று அதே கல்வெட்டில் இருப்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். மற்ற விஷயங்களுக்கு, இத்தனை கூட்டம் பேசுவோம், அதற்குள் ஒத்துவராவிட்டால் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு என்று முதல் நாளிலேயே எழுதிக்கொண்டால் ஒருவரும் இழுத்தடிக்க முடியாது. இன்னொன்று, வட்டாரத்து ஒய்பியை, அதாவது சட்டமன்ற அல்லது நாடாளுமன்ற உறுப்பினரை, முதல் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். அவர் வந்தால் எல்லாரும் அவரைப் பார்த்துத்தான் பேசுவார்கள், ஒருவரையொருவர் பார்த்துப் பேச மாட்டார்கள். முடிவு கையில் வந்த பிறகு மகஜரோடு போய்ப் பாருங்கள்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். ஸ்ட்ராத்தா சட்டத்தில் கூட்டம், ஓட்டு, கட்டணப் பாக்கி பற்றிய பகுதியைச் சட்டம் தெரிந்த ஒருவரைக் கொண்டு எளிய தமிழில் எழுத வைத்து, ஞாயிறு பதிப்பில் வெட்டி ஒட்டும் அளவில் ஒரு பக்கம் போடுங்கள். எங்கள் புளோக்கில் அறிவிப்புப் பலகையில் ஒட்ட நானே பொறுப்பு. அதோடு, பாக்கி வைத்திருப்பவர்களையும் வாடகைக்காரர்களையும் பேச வைத்த நிர்வாகக் குழு எங்காவது இருந்தால், எப்படிச் செய்தார்கள் என்று இந்தப் பகுதிக்கு எழுதச் சொல்லுங்கள். எங்கள் ஆண்டுக் கூட்டம் வருகிறது, இந்த முறை பேச்சு மோட்டார் சைக்கிள் நிறுத்துமிடத்தைப் பற்றி.

இப்படிக்கு,
செந்தூல் வாசகி,
கோலாலம்பூர்